பன்னிரண்டு வயதுக்கு மேல்

பூடாபெஸ்ட், 3 பிப்ரவரி 2009

பொரோக்காவுக்கு,

இன்று காலை பத்து நாற்பதுக்கு, மூன்று நாள் விவாதத்துக்குப் பிறகு, எங்கள் வயதுத் தரக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. கார்ட்டூன் கரடி ஒன்று தேன்கூட்டைத் திருடுவதை ஆறு வயது நிரம்பிய பிள்ளைகள் பார்க்கலாம். வாக்கு மூன்றுக்கு இரண்டு. எதிர்த்தவர்களில் ஒருவர் தம் மறுப்பைத் தனித்தாளில் எழுதி இணைத்தார். கரடி கடைசிவரை தேனைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது அவர் வாதம். ஐந்து வயதுக்காரர்கள் இனி அந்தக் கரடியைத் தனியாகச் சந்திக்க முடியாது. நாடு அமைதியாக இருக்கிறது.

அடுத்த கோப்பு, எண் நாற்பத்தொன்று, உன்னுடையது. இயக்குநர் என்ற இடத்தில் உன் கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் இருந்ததால் நேற்று கோப்பைத் திறந்தபோது தெரியவில்லை. படம் ஓடத் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் நம் வீட்டு முற்றம் வந்தது. நம் வீட்டுப் பன்றியும் வந்தது.

அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து எட்டு வருடமாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அலுவலை மட்டும் எழுதுகிறேன். அலுவலக மின்னஞ்சல்கள் எல்லாம் சேமிக்கப்படுகின்றன. ஆகவே தபால்.

பன்னிரண்டு வயதுத் தரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாய். அது கிடைத்தால் படம் பள்ளிக் காட்சிப் பட்டியலில் சேரும். பட்டியல் மார்ச் முதல் தேதி மூடுகிறது. பதினாறு கிடைத்தால் எந்தப் பள்ளியும் தொடாது. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் சிக்கல் இருக்கிறது. பையன் தன் தங்கையை, இறைச்சியைப் புகையில் பதமாக்கும் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறான். அவன் கை, கதவின் கொண்டி, அதில் செருகும் ஆணி, எல்லாம் திரை நிறையத் தெரிகின்றன. மொத்தம் பதினொரு வினாடி. பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்தான செயலை இவ்வளவு தெளிவாகக் காட்டினால் எங்கள் விதிப்படி அது பதினாறு. அந்தப் பதினொரு வினாடியை வெட்டிவிடு. பன்னிரண்டு கிடைக்கும்.

வாக்கெடுப்பு 27ஆம் தேதி. நாங்கள் ஐந்து பேர். நீ என் தங்கை என்று தலைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நான் வெளியே போக வேண்டும். என் இடத்துக்கு வரும் மாற்று உறுப்பினர், முயல் வளர்ப்பு பற்றிய செய்திப்படத்துக்குப் பதினாறு கொடுத்தவர்.

கெல்லேர்ட்


செகெட், 6 பிப்ரவரி

வயதுத் தர அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முத்திரை இல்லாததால் இது அரசின் கருத்தா தங்கள் சொந்தக் கருத்தா என்று விளங்கவில்லை.

தாங்கள் சொன்னபடி பதினொரு வினாடியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சிறுமி கொட்டகைக்குள் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. சாத்திய கை இல்லை. முற்றத்தில் யாரும் இல்லை. பார்ப்பவர்களுக்கு மிஞ்சுவது காற்று.

இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். முப்பத்தோரு வருடத்துக்கு முன் தொடங்கி, அப்பா சாகும்வரை நம் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓடிய படம் இது. ஏழு வயதுப் பெண் தொத்திறைச்சி திருடப் போனாள், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, உள்ளே மரத்தூள் புகைந்துகொண்டிருந்தது, பின்பக்கப் பலகையை உதைத்து எப்படியோ வெளியே வந்து விழுந்தாள், அதோடு அவள் தொண்டை போனது. பேராசைக்குத் தண்டனை என்று அப்பா முடிப்பார். எல்லாரும் என் கரகரத்த குரலைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அப்பாவின் அடக்க விருந்தில் நான் எழுந்து, "காத்து இல்ல. சாத்துனது இவன்தான்" என்றேன். நீ சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு, பாதிரியாரைப் பார்த்துச் சொன்னாய்: "இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே கதை கட்டுற பழக்கம், ஃபாதர்." அந்தப் பழக்கம் இப்போது என் தொழில். கடைசிக் கதை உன் மேசைக்கே வந்திருக்கிறது.

என்னை நடித்திருப்பவள் ஹங்கா. ஒன்பது வயது, இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளை. ஒத்திகையில் கேட்டாள், "கதவு தானா சாத்திக்குமா, யாராச்சும் சாத்துவாங்களா?" யாரோ சாத்துவார்கள் என்றேன். "அப்ப யாருன்னு தெரியணும்ல?" என்றாள். எனக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டும். உள்ளே அடைபட்டுவிட்டு, பிறகு காற்று என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வருடம் பன்றியின் இரத்தத்தை அடைத்துச் செய்யும் தொத்திறைச்சிகூட இல்லையாம். இரத்தம் உறைந்து வீணாகிவிட்டது என்று அப்பா பல வருடம் புலம்பினார். நான் மருத்துவமனையில் இருந்ததால் அந்த இழப்பு என்னை எட்டவில்லை.

வெட்ட மாட்டேன். நீ யார் என்பதை உன் தலைவியிடம் சொல்.

பொரோக்கா


பூடாபெஸ்ட், 11 பிப்ரவரி

பொரோக்காவுக்கு,

நேற்று முழுக் குழுவும் படத்தைப் பார்த்தது. நடந்ததைக் குறிப்பேட்டில் உள்ளபடி எழுதுகிறேன்.

பன்றி வெட்டும் காட்சி நான்கு நிமிடம். கழுத்தில் கத்தி இறங்குகிறது, இரத்தம் தொட்டியில் விழுகிறது, சிறுமி வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைவி தீமார் இதற்கு என்ன வயது என்று கேட்டார். பெற்றோர் சங்கத்தின் பிரதிநிதி கோச்சோருக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் வீட்டில் வருடத்துக்கு இரண்டு பன்றி. "இதுக்கெல்லாமா வயசு போடுவீங்க? எம் பேத்தி மூணு வயசுல வாலைப் பிடிச்சா. கை நடுங்கல" என்றார். ‘குளிர்காலக் குடும்ப வழக்கம்’ என்று பதிந்து, ஆறு வயதுக்கு ஏற்றது என ஒருமனதாக முடிவு செய்தோம். நான்கு நிமிடக் கத்திக்கு நாற்பது வினாடிகூட ஆகவில்லை.

பிறகு உன் பதினொரு வினாடி. அதற்கு ஒன்றே கால் மணி நேரம்.

உளவியலாளர் டாக்டர் வெரெஷ் மெதுவாகப் பேசுகிற பெண். "கத்தியைப் பாத்துட்டு எந்தப் பிள்ளையும் பன்றி வெட்டப் போறதில்ல. கதவும் ஆணியும் எல்லார் வீட்லயும் இருக்கு. தங்கச்சியும் இருக்கா" என்றார்.

தீமார் என் பக்கம் திரும்பினார். நேரக் குறிப்பு என் கையில் இருந்ததுதான் காரணம், வேறில்லை.

"கடைசில அந்தப் பையன் ஒத்துக்குறானா?"

"இல்ல."

"பின்ன என்ன பண்றான்?"

குறிப்பைப் பார்த்தேன். பார்க்கத் தேவை இருக்கவில்லை. "சாப்பிடுறான்" என்றேன்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. எங்கள் விதிகளில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று உண்டு. தீங்கு செய்தவன் அதைத் தான்தான் செய்தேன் என்று படத்துக்குள்ளேயே ஒப்புக்கொண்டால், தரம் ஒரு படி இறங்கும். பதினாறு பன்னிரண்டாகும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. பையன் கடைசிக் காட்சியில் சாப்பிடும்போது அவன் குரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ‘நான்தான் சாத்தினேன்.’ இரண்டு வினாடி. தீமாரிடம் கேட்டும் வைத்திருக்கிறேன், இதை ஏற்பார்.

உன் படம் பள்ளிகளுக்குப் போகும். கையும் இருக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாம் யார் என்பதைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கெல்லேர்ட்


செகெட், 14 பிப்ரவரி

கெல்லேர்ட்,

அந்தப் பையன் சொல்லவில்லை. சொல்லாததை நான் எழுத மாட்டேன்.

நீ என்ன கேட்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. நீ பன்னிரண்டு வயதில் சொல்லாததை, அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சொல்லாததை, ஸ்டுடியோவில் ஒரு பையனை மைக் முன்னால் நிறுத்தி நான் சொல்ல வைக்க வேண்டும். பிறகு உன் குழு அதைக் கேட்டு மனம் உருகி ஒரு படி இறங்கும். உன் பாவமன்னிப்புக்கு நான் டப்பிங் பேச மாட்டேன்.

அம்மாவை நேற்று முதியோர் இல்லத்தில் பார்த்தேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். "கதவைப் பத்தி மட்டும் பேசாத. பையன் பெரிய பதவியில இருக்கான்" என்றாள். அவளுக்கு என் பெயர் இரண்டு முறை மறந்தது. உன் பதவி மறக்கவில்லை.

21ஆம் தேதிக்குள் நீ தலைவியிடம் சொல்லாவிட்டால் நான் எழுதுகிறேன். கோப்பு நாற்பத்தொன்றை மதிப்பிட்டவர், முப்பத்தொன்றாவது நிமிடத்தில் வருகிறவர் என்று. கடிதம் எழுதி முடித்துவிட்டேன். உறையில் முகவரியும் எழுதியாகிவிட்டது.

பொரோக்கா


பூடாபெஸ்ட், 17 பிப்ரவரி

பொரோக்காவுக்கு,

மிரட்டல் கிடைத்தது.

நீ அந்தக் கடிதத்தை அனுப்பினால் நடக்கப் போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உறவுக்காரன் உட்கார்ந்திருந்த அமர்வு செல்லாது. கோப்பு திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போகும். இப்போது வரிசையில் முப்பத்தாறு படங்கள் இருக்கின்றன. மார்ச் ஒன்று தாண்டிவிடும். உன் படத்தைக் கொல்ல உனக்கு நான் தேவையில்லை, ஒரு தபால்தலை போதும்.

எனக்கு என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். பதினான்கு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன். ஏறக்குறைய மூவாயிரம் படங்கள். ஒரு முறைகூட என் மதிப்பீடு மேல்முறையீட்டில் மாறியதில்லை. என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதை நீ கவனித்திருக்கலாம். அம்மா கவனித்திருக்கிறாள்.

அந்தக் காலை எனக்கு நினைவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது, நல்ல பனி, ஆட்கள் பழச்சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் இரத்தத் தொட்டிப் பக்கம் எங்கோ நின்றிருப்பேன். நீ ஏழு வயதில் புகைக்குள் கண்டதையும் பிறகு கேட்டதையும் சேர்த்து ஒரு படம் ஆக்கியிருக்கிறாய். அது கலை. அதை நான் மதிக்கிறேன். வாக்குமூலமாக நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

படத்தில் உண்மைக்கு மாறான விவரங்கள் எத்தனை இருக்கின்றன என்று வேண்டுமானால் சொல்கிறேன், வழக்கமாக எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்புவதுதான். முற்றத்தில் நின்றது வாதுமை மரம் இல்லை, முசுக்கொட்டை. அப்பா அந்த வருடம் மீசை வைத்திருக்கவில்லை. கொட்டகைக் கதவின் கொண்டியில் பையன் ஆணி செருகுவதாகக் காட்டியிருப்பதும் தவறு. அந்த வளையம் அகலமானது, ஆணி அதில் நிற்காது, நழுவி விழுந்துவிடும். மரக்கரண்டியின் காம்புதான் அதில் இறுக்கமாக நிற்கும். கதவு இடப்பக்கம் திறக்கும், வலப்பக்கம் அல்ல.

இப்படிப் பிழைகள் உள்ள படத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் குற்றம் சாட்டுவதற்கு முன் யோசி.

கெல்லேர்ட்


செகெட், 20 பிப்ரவரி

கெல்லேர்ட்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அடுப்படியில் போய் நின்றேன். திரும்பி வந்து நான்காவது முறை படித்தேன்.

ஆணி என் கற்பனை. நான் உள்ளே இருந்தேன். வெளியே கொண்டியில் எதைச் செருகினார்கள் என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. தள்ளினேன், திறக்கவில்லை, அவ்வளவுதான். பின்பக்கமாக வெளியே வந்து விழுந்ததால் முன்கதவை நான் அன்று பார்க்கவே இல்லை. அப்பாவும் மற்றவர்களும் போய்ப் பார்த்தபோது கதவு வெறுமனே சாத்தியிருந்ததாம். கொண்டியில் ஒன்றும் இல்லை. அதனால்தான் காற்று.

அம்மா சொல்லியிருக்க முடியாது. அப்பா சொல்லியிருக்க முடியாது. கொண்டியில் ஏதோ இருந்தது என்றே முப்பத்தோரு வருடமாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

மரக்கரண்டி என்று உனக்கு யார் சொன்னது?

நான் ஆறாம் தேதி எழுதியதை எடுத்துப் பார். என்னிடம் நகல் இருக்கிறது. அந்த வருடம் இரத்தம் உறைந்து வீணாயிற்று. இரத்தம் ஆறும்வரை யாராவது கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் உறைந்துவிடும். அன்று கிண்டச் சொன்னது உன்னை. எதனால் கிண்டுவாய்? கரண்டி ஏன் தொட்டியில் இல்லை?

தலைவிக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. நான் சொன்னால் அது என் கதை. பாதிரியார் கேட்டது போலக் கேட்டுக்கொண்டு சூப்புக் குடிப்பார்கள்.

உன் பிழைப் பட்டியலுக்கு நன்றி. பதினான்கு வருடத்தில் நீ எழுதிய மதிப்பீடுகளில் இதுதான் மிகச் சரியானது என்று நினைக்கிறேன்.

பொரோக்கா


பூடாபெஸ்ட், 23 பிப்ரவரி (விரைவுத் தபால்)

பொரோக்கா,

தபால் சனிக்கிழமை வந்தது. நேற்று முழுக்க எழுதினேன். இது ஐந்தாவது தாள். முதல் நான்கிலும் ‘சூழ்நிலை’ என்ற சொல் இருந்தது.

நான்தான் சாத்தினேன்.

அதற்கு முந்தின வருடம் வாலைப் பிடித்தது நான். பன்றி கத்தியபோது அழுதுவிட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். அந்த வருடம் அப்பா எல்லார் முன்னாலும், "வாலைத் தங்கச்சி பிடிக்கட்டும். இவன் பொம்பளைங்களோட நின்னு ரத்தம் கிண்டட்டும்" என்றார். நீ பிடித்தாய். அழவில்லை. பிறகு தொட்டிப் பக்கம் வந்து, "கிண்டுறியாண்ணா?" என்று கேட்டாய். கிண்டல் எதுவும் இல்லை அதில், சும்மாதான் கேட்டாய் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை.

முந்தின வாரம் வெட்டியதன் தொத்திறைச்சி உள்ளே தொங்குகிறது, உனக்கு ஒன்று எடுத்துக்கொள் என்றேன். நீ நுழைந்ததும் சாத்திவிட்டுக் கையில் இருந்த கரண்டியைக் கொண்டியில் செருகினேன். நூறு எண்ணிவிட்டுத் திறக்கலாம் என்று நினைத்தேன். நாற்பதோ ஐம்பதோ எண்ணியபோது தெருவில் பக்கத்து வீட்டுப் பையன்கள் பனிச்சறுக்குப் பலகையோடு வந்தார்கள். போனேன்.

உன்னை வேண்டுமென்றே துன்புறுத்தியவனாக என்னைக் காட்டியிருக்கிறாய். பையன் கதவுக்கு வெளியே நின்று நீ தட்டுவதைக் கேட்கிறான். அது தவறு. நான் கேட்கவில்லை. நான் உன்னை மறந்துவிட்டேன். இதைத்தான் முப்பத்தோரு வருடமாகச் சொல்ல முடியவில்லை.

இருபது நிமிடம் இருக்கும். "கரண்டி எங்கடா? ரத்தம் கட்டியாயிடுச்சு" என்று அப்பா முற்றத்தில் நின்று கத்தினார். ஓடிப் போய்க் கரண்டியை உருவினேன். அவர் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தால் நீ வெளியே வருவாய், அவருக்குத் தெரிந்துவிடும். திறக்கவில்லை. நீயே தள்ளிக்கொண்டு வருவாய் என்று நினைத்தேன். கரண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரத்தத்துக்காக இரண்டு அறை வாங்கினேன். பிறகு அம்மாவின் சத்தம் பின்பக்கமிருந்து கேட்டது.

கரண்டியை உருவியதை அப்பா பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். காற்று என்று முதலில் சொன்னது அவர்.

இன்று காலை தீமாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் முடிவு இது: முதல் அமர்வு செல்லாது, ஆனால் குற்றம் என்னுடையது, கோப்பினுடையது அல்ல, அதனால் கோப்பு வரிசையில் பின்னால் போகாது. 27ஆம் தேதி காலை மாற்று உறுப்பினரையும் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்துவிட்டு அன்றே வாக்களிப்பார்கள். முயல்காரர்தான்.

ஒன்பதாம் பிரிவு அப்படியே இருக்கிறது. படத்துக்குள் ஒப்புதல் இருந்தால்தான் அது செல்லும். கீழே உள்ளது நான் கையெழுத்திட்டது. பெயரோடு போடலாம். போடுவதும் விடுவதும் உன் பாடு.

‘கதவைச் சாத்தியது நான். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. கெல்லேர்ட், அண்ணன்.’

கெல்லேர்ட்


செகெட், 25 பிப்ரவரி

அண்ணனுக்கு,

இது எனக்கு எழுதியதா, ஒன்பதாம் பிரிவுக்கு எழுதியதா என்று நேற்று மாலை முழுக்க யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை. எடிட்டர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

உன் வரிகளைப் படத்தின் கடைசியில் போட்டிருக்கிறேன். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, எட்டு வினாடி. இசை இல்லை. பையன் சாப்பிடுவதை அப்படியே விட்டிருக்கிறேன். ஆணியையும் மாற்றவில்லை. மறுபடி படம் பிடிக்க நேரம் இல்லை. புதிய பிரதி இன்று காலை வண்டியில் ஏறிவிட்டது.

நீ மறந்துவிட்டாய் என்ற இடத்தை நான் இன்னும் தாண்டவில்லை. வெளியே ஒருவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துத்தான் அத்தனை நேரம் தட்டினேன். படத்தையும் அப்படி நினைத்துத்தான் எடுத்தேன்.

மன்னிப்பு பற்றி உன் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நல்லது.

பொரோக்கா


பூடாபெஸ்ட், 28 பிப்ரவரி

பொரோக்கா,

நேற்று பகல் பன்னிரண்டு இருபதுக்குக் குழு, மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், கோப்பு நாற்பத்தொன்றைப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று தீர்மானித்தது. நான் அறையில் இல்லை. நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு கனமானது, சத்தம் எதுவும் வெளியே வராது. பதினான்கு வருடத்தில் அதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

கோச்சோர் வெளியே வந்து சொன்னார். முயல்காரர் பதினாறு கேட்டிருக்கிறார். மறுப்பைத் தனித்தாளிலும் எழுதியிருக்கிறார். ஒப்புதல் முப்பத்தோரு வருடம் தாமதமாக வருகிறது, பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்பது அவர் வாதம். அந்த மனிதரை நான் இவ்வளவு நாள் குறைவாக மதித்துவிட்டேன்.

கோச்சோர் போகாமல் நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கெல்லேர்ட். நானும் எந்தம்பியக் கிணத்துக்குள்ள எறக்கி விட்டிருக்கேன்" என்றார். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பேசுவதில்லை என்றார்.

கடைசியாகத் தீமார் அழைத்தார். விசாரணைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"பிப்ரவரி ரெண்டாம் தேதிலேருந்து. கோப்பு வந்த அன்னிக்கே."

"நான் கோப்பைக் கேக்கல."

முப்பத்தோரு வருடம் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாம் தேதி என்பதை எழுதிக்கொண்டார்.

உறவை மறைத்து அமர்வில் உட்கார்ந்ததற்காக வெள்ளிக்கிழமைக்குள் மேசையைக் காலி செய்ய வேண்டும். பள்ளிப் பட்டியலில் படம் சேர்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாவது வரிசை எண்.

கெல்லேர்ட்


செகெட், 18 ஏப்ரல்

கெல்லேர்ட் அண்ணா,

வியாழக்கிழமை இங்கே முதல் பள்ளிக் காட்சி. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். மொத்தம் இருநூற்றுப் பத்துப் பேர். பன்றி செத்தபோது பாதிப் பேர் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் தின்பது நின்றது. உன் எட்டு வினாடி ஓடியபோது யாரும் எழுந்து போகவில்லை. பின் வரிசையில் ஒரு பையன் தன் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் அவனைப் பார்க்கவில்லை.

நீ வந்திருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. ஹங்கா சொன்னாள்.

அவளுக்கு நல்ல கவுன் தைத்து, முதல் வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தேன். வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாளாம். "நான்தான் அதுல இருக்கேன்" என்று ஹங்கா சொல்லியிருக்கிறாள். "இருக்கலாம், கண்ணு. பாக்கக் கூடாது" என்றிருக்கிறாள் அந்த அம்மாள். நான் மேடையில் பேசிக்கொண்டிருந்ததால் எனக்குத் தகவல் வரவில்லை. நீயும் உள்ளே வராமல் வெளியே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தாயாம்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஆணி தப்புன்னு சொன்னாரு. கரண்டியாம். எப்படிச் செருகுறதுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாரு" என்றாள். பிறகு, "உள்ள நீங்க தட்டுனீங்களான்னு கேட்டாரு. நான் நெஜமா தட்டலையே, நடிச்சேன். அதைச் சொன்னேன்" என்றாள். நீ அவளுக்குச் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தாயாம். படம் முடிந்து கதவு திறப்பதற்கு முன்னால் எழுந்து போய்விட்டாயாம்.

அம்மாவிடம் நீ போய்ச் சொன்னதும் தெரியும். இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், இப்போது சாப்பிடுகிறாளாம்.

சான்றிதழின் நகல் ஒன்றை உனக்கு வைத்திருக்கிறேன். படத்தின் நீளம் தொண்ணூற்று நான்கு நிமிடம் ஆறு வினாடி. ஹங்காவுக்குப் பன்னிரண்டு வயது நிரம்ப இன்னும் இரண்டு வருடம் ஏழு மாதம் இருக்கிறது.

பொரோக்கா